புகை பிடிக்காத எலி

அந்த ஆராய்ச்சி நிலையத்தின் மாடியில் கஞ்சா புகைப்பதற்கென்றே ஓர் அறை உண்டு. அரசாங்க அனுமதி பெற்றது, குளிரூட்டப்பட்டது, கட்டணம் கிடையாது. ஒரே நிபந்தனை, எலியாகப் பிறந்திருக்க வேண்டும்.

அங்கே எலிகளுக்குத் தீனி போட்டு, தண்ணீர் வைத்து, கூண்டுகளில் மரத்தூள் மாற்றும் பெண்மணியை எல்லோரும் வார்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். விடுதி வார்டனுக்குரிய சகல லட்சணங்களும் அவருக்கு இருந்தன. இடுப்பில் சாவிக்கொத்து, மூக்கு நுனியில் கோபம், யார் சாப்பிட்டார்கள் யார் மிச்சம் வைத்தார்கள் என்ற ஓயாத விசாரணை. எலிகளில் பாதிக்கு மாதக்கணக்கில் தினமும் புகை. மறுபாதிக்கு அதே மாதிரிப் பெட்டி, அதே நேரம், ஆனால் வெறும் காற்று. முதல் வகைக்குப் ‘புகைக்கூட்டம்’ என்றும் இரண்டாவதற்கு ‘நல்ல பிள்ளைகள்’ என்றும் வார்டன் பெயர் வைத்திருந்தார். நல்ல பிள்ளைகள் இல்லாவிட்டால் கெட்ட பிள்ளைகள் எவ்வளவு கெட்டிருக்கிறார்கள் என்று எப்படி அளப்பது? குடும்பங்களிலும் இந்த ஏற்பாடு உண்டு. அங்கே அதற்குப் பக்கத்து வீட்டுப் பையன் என்று பெயர்.

பரீட்சை ஒரு வட்டத் தொட்டியில் நடக்கும். கலங்கிய தண்ணீருக்கு அடியில் எங்கோ ஒரு மேடை மறைந்திருக்கும். எலி நீந்தி அதைக் கண்டுபிடித்து ஏறி நிற்க வேண்டும். புகைக்கூட்டமும் அதைக் கற்றுக்கொண்டது, சற்றுத் தாமதமாக. ஆனால் மேடையை வேறு பக்கம் மாற்றியதும் அந்தக் கூட்டத்தின் சாயம் வெளுத்துவிட்டது. நல்ல பிள்ளைகள் பழைய இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போயின. புகைக்கூட்டமோ இல்லாத மேடையையே சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது. கற்பதில்கூட அவ்வளவு கோளாறு இல்லை, கற்றதை மாற்றிக்கொள்வதில்தான் சிக்கல் என்று ஆய்வு மாணவி விளக்கினாள். தன் மாமியார் வீட்டில் இது புகையே இல்லாமல் நடக்கிறது என்றார் வார்டன்.

சிரித்த வாயை மூட வைத்தது அவருடைய மகள்.

வார்டனின் தம்பி அக்கா வீட்டிலேயே தங்கிப் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். மகள் போவதும் அதே வேனில்தான். ஒருநாள் அவள் சாப்பிட்டுக்கொண்டே சர்வசாதாரணமாகச் சொன்னாள்: குழாய் போடத் தோண்டிப் போட்ட தெருவுக்குள்தான் மாமா தினமும் வண்டியை விடுகிறாராம். பள்ளம் வந்ததும் நிறுத்தி, ‘அட, தோண்டியிருக்காங்கப்பா’ என்று ஆச்சரியப்பட்டு, பின்னாலேயே எடுப்பாராம். மறுநாளும் அதே தெரு, அதே பள்ளம், அதே ஆச்சரியம். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டமாம்.

வார்டனுக்குத் தொட்டியில் சுற்றும் எலி கண்முன் வந்தது. அதன் முதுகில் ஒரு வேன் நிறையப் பிள்ளைகள்.

கஞ்சா அடிக்கிறாயா என்று கேட்டால் தம்பி இல்லையென்று சத்தியம் செய்வான், சத்தியம் செய்வதில் அவன் கைதேர்ந்தவன். அதனால் தெரிந்த வழியில் இறங்கினார். தொட்டிக்குப் பதில் கண்ணாடி. பின்சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி ஜன்னலோரம் மாட்டினார். மாணவியிடம் சொன்னபோது அவள் பதறிவிட்டாள். மனிதர்களை இப்படியெல்லாம் சோதிக்கக் கூடாது, ஒரே ஓர் ஆளை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது, ஒப்பிட்டுப் பார்க்கவும் யாராவது வேண்டும் என்றாள். மூன்று புத்திமதிகளில் கடைசியை மட்டும் வார்டன் எடுத்துக்கொண்டார். ஒப்பிடுவதற்குத்தான் வீட்டிலேயே ஒரு தங்கமான மனிதர் இருக்கிறாரே.

கணவர் தையல்காரர். முன்னறையே கடை. சிகரெட் பிடிப்பவர் துணி கொடுக்க வந்தால் வாசலில் நிறுத்தி அளவெடுப்பார். டீயில் சர்க்கரை கூடினால்கூட உடம்புக்கு ஆகாது என்பார். இதைவிட நல்ல பிள்ளை எந்தக் கூண்டில் கிடைக்கும்?

மகள் முதல் நாளே ஜன்னலோரம் போய்த் தலை வாரினாள். தம்பி சீப்போடு வெறும் சுவருக்கு முன்னால் போய் நின்று, வகிடு எடுத்து முடித்துத் திருப்தியாகத் தலையாட்டினான். வாரம் முழுக்க அதே கதை. ஆனால் தையல்காரரும் அதையே செய்தார். ஒருநாள் காலை தம்பி சுவரைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருக்க, தன் முறைக்காகத் தையல்காரர் அவன் பின்னால் பொறுமையாகக் காத்து நின்றார்.

வார்டனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புகை கண்ணில் காணாத மனிதருக்கே இந்தக் கதி என்றால், இது கஞ்சா இல்லை, ஆண் ஜென்மம். தம்பியைச் சந்தேகப்பட்டதற்குப் பரிகாரமாக அவன் தட்டில் ஒரு முட்டை கூடுதலாக விழுந்தது.

அடுத்த வாரம் வேலைக்குப் போனால், ஆய்வு மாணவி புகைப்பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. குழாய் இணைப்பில் ரப்பர் வெடித்து, புகை பக்கத்துப் பெட்டிக்குள்ளும் போயிருக்கிறது.

“இந்தத் தடவை வந்த நல்ல பிள்ளைங்களும் இத்தனை நாளா புகையைத்தான் இழுத்திருக்குங்க அக்கா. ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரி இருக்குன்னு பார்த்து, கஞ்சாவால ஒண்ணும் ஆகலைன்னு எழுத இருந்தேன்.”

வார்டன் கையிலிருந்த தீனிச் சட்டி சாய்ந்து தரையெல்லாம் கொட்டியது. ஆறுதல் சொல்லவும் மறந்து, அரைநாள் விடுப்புக் கேட்டார். காரணம் என்ன என்று மேலாளர் கேட்டதற்கு, வீட்டில் எலித் தொல்லை என்றார்.

முன்னறையில் தையல் இயந்திரத்தின் ஊசிக்குக் கீழே பாதி தைத்த சட்டைக் கை கிடந்தது. ஆளில்லை. வார்டன் மொட்டை மாடிக்கு ஏறினார். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் மாமனும் மச்சானும் சம்மணம் போட்டிருந்தார்கள். பற்றவைத்தது தையல்காரர் விரலில் இருந்தது. அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது.

வீட்டில் இந்த வாடை அடித்த நாளிலெல்லாம், அது தான் வேலையிலிருந்து கொண்டுவந்தது என்றே வார்டன் நம்பியிருந்தார். புடவையைத் தனியாகத் துவைக்கச் சொல்லி மூக்கைப் பொத்தியவரும் இதே தையல்காரர்தான்.

இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். பிறகு தையல்காரர் மெதுவாக, குனிந்தே தைப்பதில் வந்த முதுகுவலிக்காக ஆரம்பித்தது என்றார். எப்போது என்று கேட்டதற்கு, மகள் பிறப்பதற்கு முன் என்றார். வார்டன் சுடுகிற தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“உங்களையாங்க நான் நல்ல பிள்ளைன்னு வச்சிருந்தேன்?”

தையல்காரருக்கு எதுவும் புரியவில்லை. அதற்குள் தம்பி எழுந்து, கால்சட்டையைத் தட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்தான். கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. குரலில் மட்டும் நிஜமான அக்கறை.

“நேரமாச்சுக்கா. பிள்ளைங்க வாசல்ல நிக்கும்.”

பிடிபட்டதற்காக அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. இந்தக் கோலத்தில் தினமும் கிளம்பியவன் இன்றும் கிளம்புகிறான், அவ்வளவுதான். அதுவரை கணவரை நினைத்து உறைந்திருந்த வார்டனுக்கு இப்போதுதான் வேன் ஞாபகம் வந்தது. எழுந்து படிக்கட்டை மறித்து நின்றார்.

“சாவிய குடு.”

“ஒரு நாளாவது எங்கயாவது இடிச்சிருக்கேனா? வேலை போயிடும்கா.”

“போகட்டும். குடுடா.”

வேண்டுமானால் தான் ஓட்டுவதாகத் தையல்காரர் இடையில் முன்வந்தார். வார்டன் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே அணைந்தது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு, இருவர் முன்னாலேயே வேன் முதலாளிக்குப் போன் போட்டார். டிரைவர் கஞ்சா அடித்திருக்கிறான், இன்று மட்டுமல்ல, வேறு ஆளை அனுப்புங்கள் என்றார். பேசுவது யார் என்று முதலாளி கேட்டார். அவன் கூடப்பிறந்த அக்கா என்றார் வார்டன். கஞ்சாவைவிட அந்தப் பதில்தான் முதலாளியை அதிகம் உலுக்கியிருக்க வேண்டும். ஆள் தேட நேரமில்லை, தானே வருவதாகச் சொன்னார்.

வார்டனும் பள்ளிக்கு விரைந்தார். வாசலில் மாற்று வேனோடு முதலாளி வந்து நின்றார். இனிமேல் மாமா வரமாட்டார் என்று வார்டன் மகளிடம் சொன்னார்.

“அப்போ அப்பா ஓட்டுவாரா?”

“அவரும் மாட்டாரு. நீ ஏறாம நில்லு.”

பிள்ளைகள் அத்தனை பேரையும் சுவரோரம் நிற்க வைத்துவிட்டு, வார்டன் ஓட்டுநர் ஜன்னல் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் வாயைத் திறந்து ஊதுங்க.”

வழுக்கைத் தலையும் தங்க மோதிரமுமாக உட்கார்ந்திருந்த முதலாளி, பள்ளிக்கூட வாசலே பார்த்துக்கொண்டிருக்க, ஊதினார்.