நிரந்தரமாக மூடப்பட்ட கடையின் முதலாளி

ஷட்டரைத் தூக்கியதும் வஹிதா கடைக்குள் போய் உட்காருவதில்லை. சுவரில் தொங்கும் நாள்காட்டியைக் கழற்றி எடுத்து வருகிறார். நேற்றைய தாளைக் கிழித்துவிட்டு, வெளியே பெயர்ப்பலகைக்குக் கீழே இதற்கென்றே அடித்த ஆணியில் மாட்டுகிறார். பிறகு நாலடி பின்னால் வந்து, போகிற வருகிற வண்டிகளுக்கு வழிவிட்டு நின்று, பலகையும் இன்றைய தேதியும் ஒன்றாக விழும்படி போனில் ஒரு படம் எடுக்கிறார். அந்தப் படத்தை மேப்பில் இருக்கும் தன் கடைப் பக்கத்தில் ஏற்றி, அது ஏறி முடிகிறவரை வாசலிலேயே நிற்கிறார். பக்கத்துப் பூக்கடை யுவராணி தினமும், "ஏன்க்கா, கடை இன்னைக்கு இருக்குதா?" என்று கேட்பார். "இருக்குது யுவராணி. சாயங்காலம் வரைக்கும் இருக்குமான்னுதான் தெரியல" என்று இவரும் தினமும் சொல்வார்.

கண்ணெதிரே செங்கல்லும் சிமெண்டுமாக நிற்கிற சொந்தக் கடை இருக்கிறதா இல்லையா என்று ஒரு பெண்மணி போனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இதை நான் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

பாப்பிரெட்டிப்பட்டியில் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை அது. கணவர் பக்ருதீன் தோட்டம் தோட்டமாகப் போய் மோட்டாரைக் கழற்றிக் கொண்டு வருவார், சரியானதும் கொண்டுபோய் மாட்டுவார். அதிகம் பேசமாட்டார். கடையில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றுவதும், வருகிறவர்களைத் திட்டுவதும் வஹிதாவின் பொறுப்பு. வயது நாற்பத்தாறு. வார்னிஷ் படிந்து படிந்து வலது கட்டைவிரல் பழுப்பேறிக் கிடக்கிறது. தமிழில் பேசிக்கொண்டே சுற்றுகளை மட்டும் உருதுவில் எண்ணுவார். ஏன் என்று கேட்டேன். "தமிழ்ல எண்ணுனா வர்றவங்க எட்டு மணி பஸ்ஸு, பத்து மூட்டைன்னு பேசி கணக்கக் கலைச்சுடறாங்க சார். உருதுல எண்ணுனா அவங்க பேச்சு அவங்களோட, என் கணக்கு என்னோட" என்றார்.

கருகிய மோட்டாரைத் திறந்த அரை நிமிடத்தில், கொண்டுவந்தவர் செய்த தப்பு அவருக்குத் தெரிந்துவிடும். மூன்று பேஸ் காயிலில் இரண்டு கருகி ஒன்று மட்டும் புதுப்பெண் மாதிரி மினுங்கினால், மூன்று பேஸ் கரண்டும் வராதபோது ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம். விவசாயி பக்கம் திரும்பி, "ரெண்டு பேஸ்ல ஓட்டுனீங்களாண்ணா?" என்பார். எதிரே இருப்பவர், இல்லையே என்று இழுப்பார். "எங்கிட்ட பொய் சொல்லலாமுங்க. காயிலு பொய் சொல்லாது." திட்டு வாங்கியவர்கள் அடுத்த முறையும் இங்கேதான் வருகிறார்கள், ஏனென்றால் அவர் கட்டிய காயில் நாலு கோடையைத் தாங்கும்.

கோடைதான் இந்தத் தொழிலுக்கு அறுவடை. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் கிணறு வற்றும், கரண்டு தள்ளாடும், மோட்டார்கள் வரிசையாகப் புகையும். தோட்டத்தில் நிற்கிற மனிதன் அந்த நேரத்தில் யாரிடமும் போய் விசாரிக்கமாட்டான். போனை எடுத்து, பக்கத்தில் காயில் கட்டுகிறவர் யார் என்று தேடுவான். முதலில் வரும் எண்ணைக் கூப்பிடுவான். அந்த மூன்று மாதம் அந்த எண் அடிக்கவில்லையென்றால் மீதி ஒன்பது மாதத்துக்குக் கடையைத் திறந்து வைத்தும் பயனில்லை.

நான் இந்த விவகாரத்துக்குள் வந்தது போன சித்திரையில். பள்ளி வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அரை ஏக்கர் பாக்கு வைத்திருக்கிறேன். மோட்டார் கருகிவிட்டது. வஹிதாவின் கடையைப் பற்றிக் காதால் கேட்டிருந்தேன், போனதில்லை. போனில் தேடினால் கடைப் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்றிருந்தது. அதற்கும் கீழே ஓர் எண். எதற்கும் இருக்கட்டும் என்று கூப்பிட்டேன். ஓர் ஆண் குரல், தேன் ஒழுக. "அந்தம்மா கடைய காலி பண்ணிட்டு ஊர வுட்டே போயிட்டாங்க சார். என்ன பிரச்சனையோ, நமக்கெதுக்கு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி நம்ம கடைக்கு எடுத்தாந்துடுங்க. ரெண்டே நாளு." அந்த இரண்டு நாள் பன்னிரண்டு நாளாயிற்று. கட்டிக் கொடுத்த காயில் நாலாம் நாள் புகைந்தது. என் பாக்குக் கன்றுகளில் இரண்டு வரிசை காய்ந்து சருகாகிப் போனது.

மோட்டாரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு, வேறு கடை தேடி அரூருக்குக் கிளம்பினேன். வழியில் ஒரு கடைக்குள் ஒரு பெண் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். மேலே பலகையைப் பார்த்தேன். நிரந்தரமாக மூடப்பட்ட அதே கடை!

ஆட்டோவை நிறுத்தி, ஊரை விட்டுப் போனவர் எப்போது திரும்பி வந்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. போனை எடுத்துக் காட்டினேன். வாங்கி, அந்தச் சிவப்பு எழுத்தை விரல் வைத்துப் படித்தார். "பங்குனி மாசம் பூரா போனே வரல சார். சரி, இந்த வருசம் கரண்டு நல்லா வருது போல, யாருக்கும் மோட்டார் கருகலைன்னு சந்தோசமா இருந்தேன்" என்றார்.

அவ்வளவு சுலபமாக ஒரு கடையை மூட முடியுமா? முடியும். மேப்பில் எந்தக் கடையைப் பற்றியும் யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம். மூடிவிட்டார்கள் என்று நாலு போனிலிருந்து சொன்னால் மேப் நம்பிவிடுகிறது. எண் மாறிவிட்டது என்றாலும் நம்பிவிடுகிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊரில் ஒரு கடையை மூடுவதற்கு நாலு விரல் போதும்.

இருவருமாக பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போனோம். அந்தக் கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் விளம்பரமாகிவிடும். வஹிதா சத்தம் போடவில்லை. கல்லாவுக்கு எதிரில் நின்று, மேப்பில் தன் கடைப் பெயருக்குக் கீழே இருந்த எண்ணைக் கூப்பிட்டார். மேஜை மேலிருந்த போன் அடித்தது. கடைக்காரர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். "தப்பா வந்துருக்கும்மா. ஏதோ டெக்னிக்கல் பிரச்சனை" என்றார்.

"தப்பா வர்ற போன எடுத்து, அந்தம்மா ஊர வுட்டே போயிட்டாங்கன்னு சொல்றதும் டெக்னிக்கல்லுங்களா?"

"வியாபாரத்துல இதெல்லாம் சகஜம்மா" என்று சிரித்தார் அந்த மனிதர். திருடனுக்குக்கூடப் பிடிபட்டால் ஒரு கூச்சம் வரும். அது அந்த முகத்தில் இல்லை. அன்றைக்கு அவரை அறையாமல் திரும்பி வந்ததற்காக இன்றும் வருந்துகிறேன்.

வஹிதா ஒரு வாரம் போராடி எண்ணைத் திருத்தினார். 'மூடப்பட்டது' என்பதை எடுக்க வைத்தார். மறுவாரம் மறுபடி மூடப்பட்டிருந்தது. மறுபடி திறந்தார். நாள்காட்டிப் படம் அப்போது ஆரம்பித்ததுதான்.

மூடிப் பார்த்துப் பலிக்காததால் அடுத்து நட்சத்திரத்தில் கை வைத்தார்கள். ஒரே வாரத்தில் ஒன்பது பேர் வந்து ஆளுக்கு ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பெயர்களில் ஒன்றுகூட இந்த வட்டாரத்துப் பெயர் இல்லை. மோசமான சேவை, மரியாதை இல்லை, ஏமாற்றுக்காரர்கள் என்று வரிசையாக வசவு. காசுக்கு எழுதுகிறவர்களுக்கு எந்தக் கடைக்கு எழுதுகிறோம் என்ற நினைப்பாவது வேண்டாமா? ஒருவர் 'சாப்பாடு ஆறிப்போயிருந்தது, சாம்பாரில் உப்பு இல்லை' என்று எழுதியிருந்தார். அதற்கு வஹிதா கீழே பதில் போட்டிருக்கிறார்: 'ஐயா, இங்கு மோட்டாருக்குக் காயில் மட்டும்தான் கட்டுகிறோம். சாப்பாடு போடுவதில்லை. பசியாக இருந்தால் நேரில் வாருங்கள், போடுகிறோம்.'

வசவு அவரை அசைக்கவில்லை. பத்தாவதாக வந்த ஒன்றுதான் அசைத்தது. சித்தேரி மலைப் பக்கத்து விவசாயி கோவிந்தன், பதினைந்து வருட வாடிக்கையாளர், அவரும் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். கீழே எழுதியிருந்ததைப் படிக்கக்கூட வஹிதாவுக்கு மனம் வரவில்லை. "ஊரு பேரு தெரியாதவன் குத்துனா வலிக்காதுங்க. இவரு எங்க வூட்டு நோம்புக் கஞ்சி குடிச்சவரு" என்று சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

கோவிந்தன் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். "பாத்தீங்களா தங்கச்சி, போட்டனே!"

"என்னண்ணா குறை வச்சேன்? ஒண்ணே ஒண்ணு போட்டுருக்கீங்க?"

"பின்னே? உங்க வேலைக்கு ஒண்ணுதானே போடணும்? ஒண்ணுன்னா மொதலுங்க. எம்பையன் பரீட்சைல ஒண்ணாவது ரேங்க் வாங்குனா ஊருக்கே இனிப்பு குடுப்பேன். அஞ்சாவது வந்தா முட்டி போட வப்பேன். உங்களப் போயி அஞ்சுல வப்பேனா?"

வஹிதா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகுதான் கோவிந்தன் எழுதியிருந்ததைப் படித்தார்: 'தங்கச்சி வேலை நம்பர் ஒன். கடை மூடியாச்சின்னு சொல்றது பொய். இதான் நெஜ நம்பர்.' கூடவே தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த வஹிதாவின் எண்ணையும் எழுதியிருந்தார். விஷயத்தை விளக்கினோம். "அப்படீன்னா இங்க கடைசிதான் மொதலா? இது என்னுங்க கணக்கு?" என்று முனகிக்கொண்டே அங்கேயே அஞ்சாக மாற்றினார். அன்று மாலைக்குள் வஹிதா பழைய வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் போன் போட்டு, எத்தனை நட்சத்திரம் போட்டார்கள் என்று விசாரித்தார். கோவிந்தனைப் போலவே ஆசை ஆசையாக 'ஒண்ணாவது இடம்' கொடுத்தவர்கள் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். எதிரி போட்டது ஒன்பது, அன்பு போட்டது ஏழு.

ஒன்பது பொய்களையும் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி வஹிதா மேப் கம்பெனிக்குப் புகார் அனுப்பினார். சாம்பார் உட்பட. மூன்று நாள் கழித்து பதில் வந்தது. ஒன்பதிலும் விதிமீறல் எதுவும் இல்லையாம். அதே நாள் ஒரே ஒரு கருத்து மட்டும் நீக்கப்பட்டிருந்தது. அது கோவிந்தனுடையது. போன் நம்பர் எழுதியது விதிக்குப் புறம்பாம்! காயிலுக்குள் சாம்பார் தேடியவன் சொல் அங்கே நிற்கிறது. பதினைந்து வருடம் தண்ணீர் பாய்ச்சியவன் சொல் குப்பைக்குப் போய்விட்டது. யாரிடம் போய்க் கேட்பது? அந்தக் கம்பெனிக்கு நாம் நிற்கக் கல்லா இல்லை, நாம் கூப்பிட்டால் அடிக்கும் போனும் இல்லை.

வஹிதா இப்போது தன் கையிலிருந்து போகிற ஒவ்வொரு மோட்டாரின் முதுகிலும் மஞ்சள் பெயிண்டில் கடைப் பெயரையும் எண்ணையும் எழுதுகிறார். பக்ருதீன் மாட்டப் போகிற இடங்களில் மோட்டார் ரூம் கதவிலும் எழுதிவிட்டு வருகிறார். எழுத்து கொஞ்சம் கோணல்தான், இருபதடி தூரத்திலிருந்தும் தெரியும். "இத எந்த மவராசன் எடிட் பண்றான்னு நானும் பாக்கறேன்" என்கிறார் வஹிதா. இந்தக் கோடையில் போன் கொஞ்சம் அடிக்கிறது. போன கோடையில் விட்டுப்போன வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இன்னும் திரும்பவில்லை. ஒன்பது நட்சத்திரங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

போன வாரம் மதியம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் வாங்கப் போயிருந்தார். நானும் கூடப் போயிருந்தேன். அந்த மனிதரின் கடையைத் தாண்டித்தான் வரவேண்டும். ஷட்டர் இறங்கியிருந்தது. வாசலில் ஒரு ஆள் இல்லை. தாண்டி நாலடி வந்திருப்போம், வஹிதாவின் போன் சிணுங்கியது. நின்று பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். பக்கத்தில் போகிறவர்களிடம் மேப் தானாகக் கேட்கிற கேள்வி அது. அந்தக் கடையின் பெயர், கீழே 'இந்த இடம் இப்போதும் இயங்குகிறதா?', அதற்கும் கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. சாட்சிக்கு ஷட்டர்கூட இறங்கித்தான் கிடக்கிறது. "இல்லைன்னு போடுங்கம்மா. நானும் போடறேன், யுவராணியைப் போடச் சொல்லுவோம், கோவிந்தன் இருக்கார். நாலு பேர் ஆச்சு!" என்றேன். வாத்தியார் பேசுகிற பேச்சா என்று தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வஹிதா பெயிண்ட் டப்பாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு என்னிடமிருந்து போனை வாங்கினார். இறங்கிக் கிடந்த ஷட்டரை ஒருமுறை பார்த்தார். "படுபாவி, சோத்துக்குப் போயிருக்கான். மூணு மணிக்கு வந்துருவான்" என்று பல்லைக் கடித்தபடி, 'ஆம்' என்ற கட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்.