முள் இல்லாத மீன்

மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு மாடிப் போர்ஷனில் நானும் அண்ணனும் அண்ணியும் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார மாமி. நாங்கள் குடிவந்த அன்றே மாமி அண்ணியை அழைத்துச் சொல்லிவிட்டார்.

"வெளியில நீங்க எது வேணாலும் சாப்டுக்கோங்கோ, நான் கேக்கமாட்டேன். ஆனா எங்காத்து அடுப்புல மீன் ஏறப்படாது. வாசனை கீழ எறங்கிண்டு வந்துடுத்துன்னா பூஜை ரூமை நான் என்ன பண்ணுவேன், சொல்லு?"

அண்ணி தலையசைத்தார். மாமி மிக நல்லவர். காற்றோட்டமான வீடு, தண்ணீர்க் கஷ்டம் கிடையாது. ஆகவே மீன் எங்களுக்கு வெளியே போய்ச் சாப்பிடும் பொருளாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் அண்ணனும் ராயப்பேட்டைப் பக்கம் இருந்த ஒரு மிலிட்டரி ஓட்டலுக்கு நடந்து போவோம். வாசலிலேயே குழம்பு மணம் வரவேற்கும். சுறாப்புட்டு, நெத்திலி வறுவல், அகன்ற கல்லில் சுட்ட வஞ்சிரம். எழுபதுகளின் தொடக்கத்தில் இலை போட்டுச் சாப்பிடும் இந்த மாதிரி ஓட்டல்களில் இடம் கிடைப்பது பெரும்பாடு. உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்குப் பின்னால் அடுத்த ஆள் நின்றுகொண்டிருப்பார்.

எனக்கு இதில்தான் சங்கடம். எங்கள் ஊர் கடலைக் காணாத விருதுநகர்ப் பக்கம். மீன் முள் என்றால் சிறுவயதிலிருந்தே எனக்குப் பயம். துண்டை விரலால் பிரித்து, ஒவ்வொரு இதழாக வெளிச்சத்தில் பார்த்து, முள்ளையெல்லாம் இலையின் மேல் ஓரத்தில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசை வைத்துவிட்டுத்தான் வாயில் போடுவேன். அண்ணன் கைகழுவி வெற்றிலை மென்றுகொண்டிருக்கும்போது நான் பாதி மீனில் இருப்பேன். பரிமாறுகிறவர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"சார், இன்னா சார் இது? மீனைத் துன்றியா, ஆபரேஷன் பண்ணிகினு கீறியா? பின்னால எத்தினி பேர் நிக்கிறாங்கோ பாரு!"

"தையல் போட்டுட்டு எந்திரிச்சிடுவான், கொஞ்சம் பொறுத்துக்கப்பா" என்றார் அண்ணன். ஓட்டலே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த இதழைப் பிரித்தேன்.

எனக்குப் பெண் பார்த்தது அந்தக் காலத்தில்தான். பெண்ணுக்குத் தூத்துக்குடி. அப்பாவுக்கு அங்கே பாத்திரக்கடை. ராஜா அண்ணாமலைபுரத்தில் பெண்ணின் சித்தி வீட்டில் வைத்துப் பார்த்தோம். அவள் காபி கொண்டுவந்து முக்காலியில் வைத்தாள். நான் குடித்து முடித்ததும் டம்ளர் அடியிலிருந்த ஈரவட்டத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு டம்ளரைத் திரும்ப வைத்தேன். பழக்கதோஷம். கதவோரம் நின்றிருந்த அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு வேறு இடத்தில் பெண் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அண்ணியிடம் அதைச் சொல்லியும் விட்டேன்.

அண்ணி விசாரித்துவந்த செய்தி என்னைக் கலக்கியது. பெண்ணின் அப்பா மாப்பிள்ளைகளை மீன் சோறு போட்டுத்தான் தேர்வு செய்வாராம். ஜாதகம் அவருக்கு இரண்டாம்பட்சம். சாப்பிட்டு எழுந்தவனின் இலையைப் பார்ப்பாராம். முள்ளோடு சதையையும் ஒதுக்கிவைத்த ஒரு பட்டதாரியை, "பாதி மீனை எறியுதவன் பாதிக் குடும்பத்தையும் எறிஞ்சிருவான்" என்று அனுப்பிவிட்டாராம். அவசரமாக அள்ளி விழுங்கிய இன்னொருவனை, "இவன் கடன் வாங்குவான்" என்றாராம்.

"உங்க இலையைப் பார்த்தா என்ன சொல்லுவாரோ!" என்றார் அண்ணி.

"இவன் ஒரு மீனைத் தின்னு முடிக்கிறதுக்குள்ள பொண்ணுக்கு நரைச்சிடும்னு சொல்லுவாரு" என்றார் அண்ணன்.

எனக்கும் அதுதான் பயம். அவர் மெட்ராஸ் வரும்போது விருந்து எங்கள் பொறுப்பு என்று பேச்சாகியிருந்தது. வீட்டில் மீன் விருந்து வைக்க முடியாது, மாமி இருக்கிறார். ஓட்டலுக்குத்தான் அழைத்துப் போகவேண்டும். அப்போது ஒரு யோசனை தோன்றியது. தியாகராய நகரில் நான் கணக்கு எழுதிய ஜவுளிக்கடைக்கு இரண்டு தெரு தள்ளி, குளிரூட்டிய ஓட்டல் ஒன்று புதிதாக வந்திருந்தது. வெள்ளைக்காரர் பாணியில் மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, உருளைக்கிழங்கு விரல்களோடு கொடுத்தார்கள். பிஷ் அண்ட் சிப்ஸ். முள் நீக்கிய மீன் என்று கேள்விப்பட்டிருந்தேன். முள்ளே இல்லாத மீனில் என்ன பரீட்சை வைக்க முடியும்? முந்தின வாரமே தனியாகப் போய்ச் சாப்பிட்டுப் பார்த்தேன். பஞ்சுமாதிரி இருந்தது. தேடித் தேடியும் முள் அகப்படவில்லை. பெரும் நிம்மதியோடு திரும்பினேன்.

பெண்ணின் அப்பா என்னை மட்டும்தான் வரச்சொன்னார். "அண்ணாச்சியப் பெறவு பாத்துக்கிடலாம். நானும் மகளும் வாறோம். கட்டிக்கிடப் போறவ அவல்லா, அவளும் பாக்கட்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணன் இந்தப் புதுமையை அண்ணியைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார்.

ஞாயிறு மதியம் இருவரும் வந்தார்கள். அவர் சலவை வேட்டி, தோளில் துண்டு. அவள் கத்தரிப்பூ நிறத்தில் சேலை. உள்ளே நுழைந்ததும் அவர் நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, இருட்டா கெடக்கு? கரண்டு போயிட்டா?"

"இல்லீங்க, இங்க இப்படித்தான் வெச்சிருப்பாங்க."

"மீனக் காட்டாம விக்கணும்னா இருட்டாத்தான் வைக்கணும்."

பெரிய தலைப்பாகை கட்டிய பேரர் வந்து நின்றார். பெண்ணின் அப்பா கேட்டார்: "இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?"

"பிஷ் சார்."

"அது தெரியுது, வே. சீலாவா, பாறையா, கொடுவாவா? பேரு கெடையாதா அதுக்கு?"

"பிஷ்தான் சார் பேரு."

"கடல்ல பிடிச்சதா, ஏரியில பிடிச்சதா?"

பேரர் சற்று யோசித்து உண்மையைச் சொன்னார். "பிரிட்ஜுலேந்து எடுக்கறாங்க சார்."

அவள் மெனு அட்டையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். அட்டை குலுங்கியது.

மூன்று தட்டுகள் வந்தன. பொன்னிறத்தில் தடித்த துண்டுகள், பக்கத்தில் உருளைக்கிழங்கு, ஒரு எலுமிச்சைத் துண்டு, சின்னக் கிண்ணத்தில் வெள்ளையாக ஏதோ சட்னி. அவர் தட்டைச் சுற்றித் திருப்பிப் பார்த்தார்.

"மீன எங்க?"

"இதுக்குள்ள இருக்குங்க."

"மெட்ராஸ் வெயில்ல இதுக்கு எதுக்கு கோட்டு?" என்றவர் நிமிர்ந்து கேட்டார்: "தலை யாருக்கு வச்சிருக்கீய?"

அவர்கள் பக்கம் விருந்தில் மீன்தலை முக்கியமான விருந்தாளிக்கு. அதை நான் மறந்தே போயிருந்தேன். "தலை கிடையாதுங்க. முள்ளும் கிடையாது. நான் போன வாரமே சாப்பிட்டுப் பார்த்திருக்கேன். ஒரு முள்கூட இருக்காது. தைரியமா சாப்பிடலாம்" என்றேன்.

"தலையும் இல்ல, முள்ளும் இல்ல. அப்ப இது மீனுன்னு நீங்க சொல்லுதத நம்பித்தான் திங்கணும்" என்றார். முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் பிய்த்தார். ஒரு வாய் போட்டதும் முகம் மலர்ந்தது. "ஏட்டி, நல்லாத்தான் இருக்கு!" என்று மகளிடம் சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

அவர் கதை சொல்ல ஆரம்பித்தார். ஒருமுறை ஆளுயரச் சீலாமீனைச் சைக்கிள் கேரியரில் குறுக்காகக் கட்டிக்கொண்டு கடைத்தெருவில் வந்தாராம். மீனின் வால் ஒரு போலீஸ்காரரின் தொப்பியைத் தட்டிவிட்டதாம். சொல்லச் சொல்லப் பெரிய பெரிய துண்டுகளாக வாயில் போட்டுக்கொண்டார். பிறந்தது முதல் முள்மீன் தின்று பழகிய நாக்கு அது. முள்ளைத் தானே கண்டுபிடித்து ஓரம் தள்ளிவிடும். அன்று நான் கொடுத்த உறுதியில் அவர் அந்த நாக்குக்கு விடுமுறை கொடுத்துவிட்டார்.

நான் என் தட்டில் மாவுத் தோலை உரித்து ஒருபுறம் வைத்து, மீனை இதழ் இதழாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். முள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் விரல்கள் அதை ஏற்பதாக இல்லை. மூன்றாவது இதழில் மெல்லியதாக, கண்ணாடி இழைபோல ஒன்று தட்டுப்பட்டது. எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தேன். அதன் பக்கத்தில் இன்னொன்று. சொல்லிவிட வாயெடுத்தேன். அவர் கதையில் போலீஸ்காரர் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அவரு குனிஞ்சி எடுக்கப் போனா, நான் சைக்கிளத் திருப்ப..." கதை அங்கேயே நின்றது. அவர் கண்கள் அகன்றன. கையை உயர்த்தித் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"முள்ளாப்பா?" என்றாள் அவள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

தண்ணீர் குடித்தார், போகவில்லை. வெறும் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கினால் இறங்கிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். "கொஞ்சம் வெறும் சோறு கொண்டாங்க!" என்று பேரரைக் கேட்டேன்.

"பிளெயின் ரைஸ் இங்க இல்ல சார். பிரைட் ரைஸ்தான். லேட்டாவும். எக் போடவா, வெஜிடபிளா?"

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. வாழைப்பழம் வாங்கத் தெருவுக்கு ஓடினேன். கல்யாணம் போய்விட்டது என்பது எனக்கு அப்போதே நிச்சயமாகிவிட்டது. பெண் கேட்ட இடத்தில் பெண்ணின் அப்பாவுக்கே முள் குத்தவைத்த மாப்பிள்ளையை யார் ஏற்பார்கள்? தெருமுனையில் தள்ளுவண்டிக்காரம்மா உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நைனா, இப்டி ஓடியார? வூடு பத்திகிச்சா?"

"மாமனாருக்கு மீன் முள்ளு மாட்டிக்கிச்சும்மா, சீக்கிரம் கொடுங்க." ஆகாத மாமனாரை அவசரத்தில் மாமனார் என்று சொல்லிவிட்டேன்.

"மாமனாருக்குத்தானே? மெதுவா போ!" என்று சொல்லி ஒரு சீப்பு பூவன் பழத்தைக் கையில் திணித்தார்.

நான் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் தன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கையெல்லாம் கையால் பிசைந்து, மேசையிலிருந்த வெண்ணெயைத் தடவி, எலுமிச்சை அளவுக்கு உருட்டி விழுங்கவைத்திருந்தாள். முள் இறங்கிவிட்டது.

"உக்காருங்க" என்றார் அவர். குரல் கரகரத்தது. நான் சீப்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தேன். அவர் என் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். இலைக்குப் பதில் என் தட்டைப் பார்க்கப்போகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உரித்த மாவுத் தோல் ஒருபக்கம். மீன் இதழ்கள் ஒருபக்கம். விளிம்பில் இரண்டு முட்கள் அருகருகே.

"முள்ளு இல்லன்னு எனக்குச் சொன்னது நீங்கதான?"

"ஆமாங்க."

"பெறவு நீங்க எதுக்குத் தேடுனீய?"

"யார் சொன்னாலும் ஒருதரம் பார்த்துட்டாத்தான் எனக்கு இறங்கும். நானே சொல்லியிருந்தாலும் அப்படித்தான். முள்ளைப் பார்த்ததும் சொல்ல வந்தேன். நீங்க கதையில இருந்தீங்க" என்றேன்.

அவர் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். நடுவில் இருமல் வந்தது. மகள் முதுகைத் தட்டினாள். "கேட்டியா? தான் சொன்ன சொல்லையே சோதிச்சிப் பாக்குத மனுசன்! இவர ஒருத்தனும் ஏமாத்த முடியாது. அவரே அவர ஏமாத்த முடியாது போலிருக்கு. நீ என்ன சொல்லுத?"

அவள் என் தட்டை நிதானமாகப் பார்த்தாள். "ஒரு மீனுக்கே இவ்வளவு நேரம்னா விருந்து முடிய ராத்திரி ஆயிரும்பா" என்றாள்.

நான் பழச்சீப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆனா நான் கடகடன்னு தின்னுபுடுவேன்லா. எனக்கும் சேத்து அவங்களே முள்ளு எடுத்துத் தரட்டும்" என்று முடித்தாள்.

அவர் என் கையிலிருந்த சீப்பை வாங்கி, ஒரு பழத்தைப் பிய்த்து என் கையில் வைத்தார். இன்னொன்றை மகள் கையில் வைத்தார். "பழம் மாத்தியாச்சி. வெத்தலை பாக்கு பெறவு, அண்ணாச்சி முன்னால" என்றார்.

பேரர் பதறிக்கொண்டு வந்தார். "சார், சார்! வெளிய வாங்கின அயிட்டம் உள்ள அலவ் இல்ல சார்!"

"வே, இது அயிட்டம் இல்ல, நிச்சயதார்த்தம்" என்றார் என் மாமனார். பேரருக்கும் ஒரு பழம் கொடுத்தார். பேரர் மேனேஜர் இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று உரிக்க ஆரம்பித்தார்.