திரையில் வரைந்த லயம்

அம்மா சவூதிக்கு வேலைக்குப் போகுமுன் அவளும் நானும் சேர்ந்து ஒரு படம் பிடித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. எனக்கு அப்போது ஏழு வயது. சவூதி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. தலவாக்கலை ஸ்டூடியோவில் கடலுக்கு முன்னால் நிற்கப் போகிறேன் என்பதுதான் பெரிய காரியம்.

அங்கே இரண்டு திரைகள் இருந்தன. ஒன்றில் நீலக் கடல், தென்னை மரம், ஒரு படகு. மற்றதில் தேயிலை மலையும் அருவியும். கடைக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டையும் அவரே வரைந்திருந்தார். எங்கள் தோட்டத்துச் சனங்கள் கடலைத்தான் கேட்பார்கள். ஒரே கூரையின்கீழ் ஒற்றையறை வீடுகள் வரிசையாக ஒட்டிக்கிடக்கும் எங்கள் லயத்தில் எந்தக் காம்பராவுக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு கடற்கரை இருக்கும். கடலை நேரில் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. மலைத் திரை கொழும்புக்காரர்களுக்கு. மலை பார்க்க வந்து பனிமூட்டத்தை மட்டுமே பார்த்தவர்கள், திரும்பும் வழியில் நானாவின் மலைக்கு முன்னால் நின்று ஆசையைத் தீர்த்துக்கொண்டு போவார்கள்.

நானா கடலை இறக்கப் போனார்.

"வேணாங்க நானா. தேயிலை மலையவே போடுங்க" என்றாள் அம்மா.

எனக்குத் தலையில் இடி விழுந்தது. மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்துவிட்டு, "இந்தச் சனியன் புடிச்ச மலை என்னைக்குத்தான் என்னைய விடுமோ" என்று திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்கிறவள் இவள்தான். பஸ் ஏறி வந்து அதே மலைக்கு முன்னாலா நிற்பாள்? நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை.

மலை இறங்கியது. அம்மா கிட்டே போய் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"என்னங்க நானா, பங்களா இருக்கு, அருவி இருக்கு. லயத்தக் காணோமே?"

நானா சிரித்தார். "லயத்த யாரு தங்கச்சி படத்துல கேக்குறாங்க? அத மறைக்கத்தானே எல்லாரும் இங்க வாராங்க."

"எனக்கு வேணுங்க. அங்க போனா ரெண்டு வருசத்துக்கு வர முடியாது. நான் எங்கேருந்து வந்தேன்னு இதுல இருக்கணும்."

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் நகரவும் இல்லை. நானா உள்ளே போய்ப் பெயின்ட் டப்பாக்களோடு வந்தார். வெளியே ஒரு கல்யாணக் கோஷ்டி காத்திருந்தது. அவர் சட்டை செய்யவில்லை. பங்களாவுக்குக் கீழே ஒரு நீளத் தகரக் கூரை வந்தது, வரிசையாகக் கதவுகள் வந்தன. அம்மா சொல்லச் சொல்ல வாசலில் ஒரு கொடி கட்டித் துணிகூடக் காயப்போட்டார்.

"இன்னும் காயல. பாப்பா சாயாம நிக்கணும்" என்று எச்சரித்துவிட்டுக் காமிராவுக்குப் பின்னால் போனார்.

சாயாமல் நிற்கிற மனநிலையிலா நான் இருந்தேன்? கோபத்தில் நன்றாகச் சாய்ந்தேன். அம்மா என்னை இழுத்து விலக்கிப் பார்த்தால் என் புதுக் கவுனின் முதுகில் கறுப்புக் கூரை. திரையில் நடுக் காம்பராவுக்குக் கூரையே இல்லை. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அம்மா சிரித்தாள். "நானா, அத அப்புடியே விட்டுருங்க. இதான் எங்க காம்பரா. எங்களுதுலதான் கூரை ஒழுகும்!"

அந்தச் சிரிப்பு அடங்குமுன் அவர் படத்தைப் பிடித்துவிட்டார். படத்தில் அம்மாவின் பக்கத்தில் நான் உம்மென்று நிற்கிறேன். வாடிக்கையாளரைக் காக்க வைத்து, ஒரு கொழுந்துக்காரி கேட்டதற்காகத் தன் திரையில் கைவைத்த அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நிறைந்துபோகிறது. அந்த லயத்தை அவர் பிறகு அழிக்கவுமில்லை. எங்கள் பக்கத்திலிருந்து வெளிநாடு போன பெண்கள் ஒவ்வொருவராக மலைத் திரையைக் கேட்கத் தொடங்கினார்கள்.

இரண்டு வருடம் என்னை அப்பா பார்த்துக்கொண்டார். அம்மா திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது துணிகளுக்கு நடுவே அந்தப் படம் இருந்தது. எங்கள் முகங்கள் பளிச்சென்றுதான் இருந்தன. கூரையில்லாத காம்பரா மட்டும் தேய்ந்து வெள்ளையாகிக் கிடந்தது.

"அந்த வீட்டுப் புள்ளைங்க, கூட வேல செஞ்ச பொம்பளைங்க, எல்லாரும் உன் வீடு எதுன்னு கேப்பாங்க. பாசை தெரியாதே, தொட்டுத்தான் காட்டுவேன்" என்றாள். பிறகு மெதுவாக, "யாரும் கேக்காட்டியும் தொட்டுப் பாத்துக்குவேன்" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. நேரே அப்பாவிடம் ஓடினேன்.

"அம்மா அங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டு வந்திருக்குப்பா. அது நானா பெயின்ட்ல வரஞ்சது. நம்ம வீடே இல்ல!"

அப்பா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேய்ந்துபோன அந்த இடத்தில் தன் விரலை வைத்தார். சொந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு படத்திலிருக்கும் வீட்டை இவர் ஏன் தொடுகிறார் என்று அப்போது எனக்குப் புரியவே இல்லை.