பசை போடாத அலமாரி

இந்த ஜெர்மன் ஊரில் என்னைக் கண்டதும் மரியாதையாகக் குனிந்தது எங்கள் படுக்கையறை அலமாரி ஒன்றுதான். கதவைத் திறந்தால் மொத்தமாக முன்னால் சாயும். தோளால் முட்டுக்கொடுத்துச் சட்டையை எடுத்துக்கொண்டு, மூடும்போது காலால் ஓர் உதை விட வேண்டியிருந்தது. ஜெர்மன்காரர்களின் துல்லியத்தைப் பற்றி ஊரில் வாய் கிழிய அளந்தவன் நான். அதனால் வீடியோ அழைப்பில் அந்த அறைப் பக்கம் போனைத் திருப்பியதே இல்லை.

ராஜபாளையத்து வீட்டில் அலமாரி என்பது சுவருக்குள் சிமெண்டுப் பலகை வைத்துக் கட்டியது. அதைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்று எவனும் நினைத்ததில்லை. இங்கே அது அட்டைப்பெட்டியில் வந்தது. கூடவே ஒரு பை ஸ்க்ரூ, விரல் நீள மரக்குச்சிகள், ஒரு குப்பி பசை, செய்முறைப் படம். குச்சிகளில் பசை தடவிப் பலகைகளைக் கோக்கச் சொன்னது படம். நான் தடவவில்லை. ஒட்டினால் பிரிக்க முடியாது. அடுத்த வருடம் ஊருக்குப் போகிறவன் எதற்கு ஒட்டுவான்? பின்பலகைக்கு ஆணியும் அடிக்கவில்லை.

அந்த அடுத்த வருடம் வந்து வந்து போனது. வீடு மாறியபோதெல்லாம் அலமாரியைப் பிரித்து மாட்டினேன். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அது. ஸ்க்ரூவைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் ஓட்டைக்குள் தூள் உதிர்ந்து பிடிமானம் குறையும். போதாததற்கு என் மனைவி செல்வி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. வெள்ளிக்கிழமையானால் சாமான்களை இழுத்துப்போட்டு மூலைமுடுக்கெல்லாம் துடைத்தால்தான் அவளுக்கு மூச்சே வரும். குச்சியில் பசையில்லை, முதுகில் ஆணியில்லை. இழுக்கிற இழுப்பெல்லாம் ஸ்க்ரூவின் தலையில் விழுந்தால் அது லூஸாகாமல் என்ன செய்யும்?

போன டிசம்பரில் கீழ்வீட்டு அம்மாள் ஃபிராவ் கெல்லர் சாமான்களை இழுக்கிற சத்தம் கேட்டு மேலே வந்தார். "உம்சுக்?" என்றார். வீடு காலி செய்கிறீர்களா என்று அர்த்தம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ஆமாம், அடுத்த வருடம் இந்தியாவுக்கு என்றேன். நம்மூரில் இதைச் சொன்னால் சிரித்துவிட்டுக் காபி கொடுப்பார்கள். இவர்கள் நம்பிவிடுகிறார்கள். ஜனவரி பிறந்ததும் ஆப்பிள் கேக்கோடு வந்து, கண்கலங்கி எங்களுக்கு விடைகொடுத்துவிட்டுப் போனார். கேக்கைத் தின்றோம். இப்போது படிக்கட்டில் என்னைப் பார்த்தால் கேக்கைத் திருப்பிக் கேட்கிற மாதிரியே பார்க்கிறார்.

அதே வாரம் ராஜபாளையத்திலிருந்து அண்ணன் அழைத்தார். எங்களுக்கென்று வீட்டு மாடியைப் பூட்டியே வைத்திருப்பவர் அவர்.

"ஏலே, மாடிக்கு ஆள் கேட்டு வந்திருக்காவ. எம்புட்டு வருசந்தான் பூட்டியே போடுறது? நீ வாரியா இல்லையா, ஒண்ணு சொல்லு."

செல்விக்குப் பதில் தயாராக இருந்தது. "வாடகைக்கு விடச் சொல்லுங்க. நம்ம பிள்ளை இப்பத்தான் பள்ளிக்கூடத்துல ரெண்டு சேத்தாளி பிடிச்சிருக்கா. அவளப் பிடுங்கிட்டுப் போயி அங்க நட முடியாது. மொதல்ல இந்த அலமாரிய ஒட்டுங்க."

மகளின் சிநேகிதத்துக்காக அவள் சொல்வது நியாயம்தான். அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். "சரிலே. பொறவு ஒஞ்சாமானெல்லாம் கீழ எறக்கி வைக்கேன்" என்று வைத்துவிட்டார்.

அந்த வார இறுதியில் அலமாரியைக் கடைசியாக ஒரு தடவை பிரித்தேன். தேய்ந்த ஓட்டைகளில் பல்குத்தும் குச்சிகளைப் பசையில் தோய்த்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, நீட்டிக்கொண்டிருந்ததை நறுக்கினேன். பிறகு மரக்குச்சிகளுக்குப் பசை தடவி ஒவ்வொரு மூலையாகக் கோத்தேன். ஸ்க்ரூவைக் கையாலேயேதான் முடுக்க வேண்டும். மெஷினை வைத்தால் மறுபடியும் தூள்தான். செல்வி பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி மூலைக்குப் பசையை எடுத்தபோது அவள் என் கையைப் பிடித்தாள்.

"அது ஒண்ணு இருக்கட்டும்."

அவள் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. குப்பியை மூடினேன்.

மூன்று மூலைகள் ஆடாமல் நிற்கின்றன. அந்த ஒன்று மட்டும் மாதம் ஒருமுறை லூஸாகும். ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுத்துவந்து என் கையில் தருவது செல்விதான்.