‘சம்மதித்தாள்’ என்று எழுதிய இடம்

ஜூன் மாதம், இரண்டாம் செவ்வாய், காலை 9.40. ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனை, மூன்றாம் மாடி. அறுவை மருத்துவர் இரண்டு வழிகளைக் கூறினார். குடலில் உள்ள கட்டியை அறுத்து அகற்றலாம். அல்லது வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். நோயாளியின் இதயம் பலவீனமாக இருப்பதையும் தெரிவித்தார்.

9.55. ஒப்புதல் படிவத்தில் நோயாளி கையெழுத்திட்டார். பேனா கணவருடையது.

புதன், காலை 8.15. அறுவை தொடங்கியது. பிற்பகல் 1.30க்கு முடிந்தது.

வெள்ளி. சுவாசக் கருவி பொருத்தப்பட்டது.

அடுத்த திங்கள், காலை 6.10. நோயாளி இறந்தார்.

நோயாளி என் மனைவி. குறிப்பைச் சரிபார்த்துவிட்டேன், பிழை இல்லை. 9.40க்கும் 9.55க்கும் இடையில் அவள் பேசியது மட்டும் இதில் இல்லை. அதற்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

முப்பத்தொரு ஆண்டுகள் நான் சிறுகதை கற்பித்தவன். ஓய்வு பெற்ற பிறகும் ஸ்கூடாயிலேயே தங்கிவிட்டோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் முன்னாள் மாணவி ஒருவர் கட்டுரைத் தொகுப்பு ஒன்றைப் பதிப்பிக்கிறார். அதற்கு ‘சிறுகதைகளில் தேர்வு’ என்ற பொருளில் எழுதித் தருவதாக ஏப்ரலில் ஒப்புக்கொண்டிருந்தேன். தலைப்பைக் கேட்டதும் அவர் சிரித்தார். ஒரு காலத்தில் இதே தொடரை வினாத்தாளில் கொடுத்திருந்தேன். வகுப்பில் பாதிப் பேர், கதைகளில் பள்ளித் தேர்வு எழுதும் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து எழுதிவிட்டார்கள். அவரும் அவர்களுள் ஒருவர். ஒருத்தி, தேர்வறையில் மயங்கி விழுந்த கதைமாந்தர்களைப் பட்டியலிட்டிருந்தாள். அந்த விடைத்தாளை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். “பாவம், அதுங்க மேல தப்பு இல்ல. ரெண்டும் ஒரே சொல்லுதானே. ரெண்டுலயும் பெயிலாகலாம்,” என்றாள்.

அவள் ரெங்கத்துக்கு அருகில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். தந்தை ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். நான் வாசித்த கதைகளையெல்லாம் அவளும் வாசித்திருக்கிறாள், பெரும்பாலும் எனக்கு முன்பே. ஆனால் கதைகளைப் பற்றி எழுதியவன் நான் மட்டும்தான்.

கட்டுரையின் மூன்றாம் பத்தி வரை மே மாத இறுதிக்குள் எழுதிவிட்டேன். சிறுகதையில் ஒரு மாந்தர் இரண்டு வழிகளுக்கு நடுவே நிற்கும் கணமே கதையின் உயிர் என்பது என் வாதம். நாவலில் ஒருவர் பலமுறை தவறித் திருத்திக்கொள்ள இடமுண்டு. சிறுகதையில் ஒருமுறைதான். இதற்கு எதிர்மறைச் சான்றாக, பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வாசகர் வட்டம் நடத்திய போட்டிக்கு வந்த ஒரு கதையை எடுத்துக்கொண்டேன். எழுதியவர் பெயர் எனக்குத் தெரியாது. எழுத்துப்படிகளை எண்ணிட்டுத்தான் நடுவரான எனக்குக் கொடுத்தார்கள்.

கதை சிறியது. தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் ஒரு பெண் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருக்கிறாள். லயத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயரலாமா என்று கணவன் கேட்கிறான். “உங்க இஷ்டம்,” என்கிறாள். அடுத்த வாரம் லாரி வருகிறது. அவள் மிளகாய் விதைகளைப் பழைய நாளிதழில் மடித்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள். கதை முடிகிறது. நான் படியின் ஓரத்தில், ‘நாயகி சம்மதித்துவிடுகிறாள், ஆகவே கதையில் தேர்வு நிகழவில்லை’ என்று எழுதிப் பரிசுப் பட்டியலிலிருந்து நீக்கினேன்.

அன்று மாலை என் மனைவி அந்தப் படியை மட்டும் தனியே எடுத்து வைத்திருந்தாள்.

“இத ஏன் தள்ளிட்டீங்க?”

“அவள் எந்த முடிவும் எடுக்கவில்லையே.”

“முடிவத்தான் சொல்லிட்டாளே.”

“எங்கே?”

“நீங்க கோடு போட்டிருக்கீங்களே, அதே வரியில.”

“அது சம்மதம்.”

“உங்களுக்கு,” என்றாள்.

அதை அவளது பிடிவாதமாகவே எடுத்துக்கொண்டேன். நடுவர் என்ற முறையில் பெருந்தன்மையுடன், மதிப்பெண்ணை மாற்றட்டுமா என்று கேட்டேன். “உங்க இஷ்டம்,” என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள். நான் மாற்றவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, மே மாதத்தில், அதே தீர்ப்பை அதே சொல்லால் மூன்றாம் பத்தியில் மீண்டும் எழுதினேன்.

மருத்துவமனையில் நடந்தது இதுதான். மருத்துவர் மலாய் மொழியில் பொறுமையாக இரண்டு முறை விளக்கினார். அவள் முழு நினைவுடன் இருந்தாள். நான் அவள் பக்கம் குனிந்து, “செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?” என்றேன். என் கேள்வியின் முதல் பாதியை நான் இப்போதுதான் கவனிக்கிறேன்.

“உங்க இஷ்டம்,” என்றாள். பிறகு, “சீக்கிரம் சொல்லுங்க, டாக்டர் நின்னுக்கிட்டே இருக்காரு,” என்றாள்.

நான் பேனாவைக் கொடுத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அவளுடைய தங்கை ரெங்கத்திலிருந்து காரோட்டிக்கொண்டு வந்தார். கையில் நான்கடுக்குச் சாப்பாட்டுக் கேரியர். வாசலிலேயே பேசத் தொடங்கிவிட்டார்.

“அத்தான், இந்த ஸ்கூடாய் ரோட்டு ஜேம்ல மனுஷன் இருப்பானா? ரெங்கத்துல ஆக்குன சோறு இங்க வர்றதுக்குள்ள பழைய சோறா ஆயிருச்சு. சாப்டீங்களா இல்லையா?”

சாப்பிட்டதாகச் சொன்னேன். அவர் சமையலறைத் தொட்டியை எட்டிப் பார்த்தார். ஒரு குவளை மட்டும் கிடந்தது.

“பொய் சொல்லத் தெரியாதவங்கள்லாம் ஏன் அத்தான் முயற்சி பண்றீங்க?”

தட்டில் போட்டு எதிரே அமர்ந்து, நான் உண்பதைக் கண்காணித்தார். இடையில் கூடத்துச் சுவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“இந்தக் கலர் பெயிண்ட நான் எங்கயும் பாத்ததில்ல லா. கவர்மெண்ட் கிளினிக்கு மாதிரி. பத்து வருஷமா சொல்லணும்னு நெனச்சேன்.”

“உன் அக்காவிடம் கேட்டுத்தான் அடித்தேன்.”

“அக்கா இதுக்கா சரின்னுச்சு?”

“உங்க இஷ்டம் என்றாள்.”

“அலமாக்!” தங்கை நெற்றியில் அடித்துக்கொண்டு இப்போது வெளிப்படையாகவே சிரித்தார். “அத்தான், எங்க வீட்டுல ‘உங்க இஷ்டம்’னா ‘வேணாம்’னு அர்த்தம். அப்பா முன்னால யாரும் வேணாம்னு வாயத் தெறக்க முடியாது. அதனால அம்மா ‘உங்க இஷ்டம்’னு சொல்லும். அப்பா ஒரு நிமிஷம் பாப்பாரு. ‘சரி, விடு’ன்னு போயிருவாரு. நாங்க புள்ளைங்களும் அதையே பிடிச்சுக்கிட்டோம். உங்களுக்கு அக்கா சொல்லலயா?”

சொல்லவில்லை என்றேன். அவள் சொன்ன அந்த மாலை அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

“நாப்பது வருஷமா? நல்ல புரொபசர் போங்க.”

கேலிதான். அதில் கசப்பு இல்லை. அவர் மோர் ஊற்றினார். நான் உள்ளுக்குள் வரிசையாகப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். பத்து பாகாட் ஊரில் அவளுக்குத் தலைமையாசிரியைப் பதவி உயர்வு வந்தபோது, எனக்கு ஸ்கூடாயில் வேலை உறுதியாகியிருந்தது. என்ன செய்யலாம் என்று கேட்டேன். உங்க இஷ்டம். இந்த வீட்டை வாங்கியபோதும் அதுதான். எங்கள் திருமண வாழ்வில் எவ்வளவு எளிதாக உடன்பாடு கிட்டியது என்று நண்பர்களிடம் நான் பெருமையாகச் சொன்னதுண்டு.

தங்கையின் சிரிப்பு மெல்ல நின்றது. கரண்டியைக் கீழே வைத்தார்.

“அத்தான், ஆபரேஷன்... அக்காவே வேணும்னு கேட்டுச்சா?”

“கையெழுத்து அவளுடையது,” என்றேன்.

பிழையற்ற வாக்கியம். அவர் என்னையே சிறிது நேரம் பார்த்தார். அவருடைய தந்தை பார்த்திருக்கக்கூடிய அந்த ஒரு நிமிடம் அவ்வளவுதான் இருந்திருக்கும். பிறகு எழுந்து, காலியாகாத கேரியரின் அடுக்குகளைக் கழற்றி, மீதியை எங்கள் கிண்ணங்களில் மாற்றி, அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழுவினார். தண்ணீரை வேண்டியதைவிட நீண்ட நேரம் திறந்து வைத்திருந்தார்.

“ரசம் இருக்கு. சூடு பண்ணிக்குங்க அத்தான்,” என்று மட்டும் சொல்லிப் புறப்பட்டார்.

அவருடைய கார் தெருமுனையில் திரும்பிய பிறகுதான் நெத்திலிக் கதை நினைவுக்கு வந்தது. மேசைக்குப் போய் மூன்றாம் பத்தியை எடுத்தேன். இத்தனை ஆண்டுகள் மாணவர்களுக்கு நான் சொன்ன ஒரு விதி உண்டு: சிறுகதையில் ஒருவர் பேசுவதை, அவர் வளர்ந்த வீட்டின் காதால் கேட்க வேண்டும். அந்த விதியின்படி அந்தப் பெண் மறுத்தாள். கேட்டவனுக்குக் காது இல்லை. விதைகளை மடித்தது, மறுத்த பிறகும் போக வேண்டியிருந்ததால்.

ஆனால் ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமைக்கு அதே விதியைப் பொருத்த முயல்கிறேன், முடியவில்லை. “சீக்கிரம் சொல்லுங்க” என்றாளே. வேண்டாம் என்பவள் அவசரப்படுத்துவாளா? அல்லது, சரி விடு என்று நான் சீக்கிரம் சொல்ல வேண்டும் என்பதற்காகவா? இரண்டு பொருளும் வாக்கியத்துக்குள் சமமாக உட்காருகின்றன. கதையாக இருந்தால் இதை நயம் என்று எழுதியிருப்பேன். களைப்பாக இருக்கிறது.

பதிப்பிக்கும் மாணவி நேற்றுக் கைப்பேசிப் புலனத்தில் குரல்பதிவு அனுப்பியிருந்தார். “சார், அவசரமே இல்ல. எழுத முடியலன்னா விட்டுருங்க. உங்க இஷ்டம்தான் சார்.” அவர் எந்த வீட்டில் வளர்ந்தவர் என்று எனக்குத் தெரியாது. பதிவை மூன்று முறை கேட்டேன்.

செய்யாமல் கிடப்பவை:

மூன்றாம் பத்தியில் ‘சம்மதித்தாள்’ என்ற சொல்லை நீக்கிவிட்டேன். அந்த இடத்தில் வேறு சொல் எழுத வேண்டும்.

வாசகர் வட்டத்தில் பழைய பதிவேடு இருந்தால், அந்தக் கதையை எழுதியவர் யார் என்று கேட்க வேண்டும்.

கூடத்துச் சுவருக்கு வேறு நிறம். அவளுக்குப் பிடித்தது எது என்று தங்கைக்குத் தெரிந்திருக்கலாம்.

தங்கையிடம், அன்று அவள் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் சொன்னபடியே சொல்ல வேண்டும்.