நான் இடம் மாற்றிய நிரல்

அந்தச் செய்தி வந்த மறுநாள் காலை எங்கள் சிங்கப்பூர் அலுவலகத்தில் ஒருவரும் உருப்படியாக வேலை செய்யவில்லை. கணினி நிரல் எழுதுகிறவர்கள் நாங்கள். எழுதியதையெல்லாம் இணையத்தில் ஒரே தளத்தில்தான் போட்டு வைப்போம். உலகத்தில் பாதிப்பேர் அப்படித்தான். யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்பதுவரை அது பத்திரமாக வைத்திருக்கும். வெளியாள் பார்க்காதபடி பூட்டியும் வைக்கலாம். அந்தத் தளத்தையே ஒரு ராட்சத நிறுவனம் விலைக்கு வாங்குகிறது என்பதுதான் செய்தி.

எங்கள் மூத்த பொறியாளர், ஐம்பதைத் தாண்டிய சீனர், இளவயதில் அந்த நிறுவனத்தோடு தான் பட்ட பாட்டை மேசை மேசையாகப் போய்ச் சொன்னார். புதிதாகச் சேர்ந்த பெண்கள் இருவர், வாங்கினால் வாங்கட்டுமே, இலவசமாகத்தானே கிடைக்கிறது என்று சிரித்தார்கள். என் பக்கத்து இருக்கைக்காரர் திருச்சியிலிருந்து வந்தவர், எதற்கும் பதறுகிறவர். பத்து மணிக்குள் தன் நிரல்களையெல்லாம் வேறொரு தளத்துக்கு மாற்றிவிட்டு, பழைய கணக்கையும் அழித்துவிட்டார்.

"பூட்டி வச்சிருக்கோம்னு சும்மா இருக்காதீங்க. இனிமே அந்தக் கம்பெனிக்காரன் உள்ள வந்து எல்லாத்தையும் படிப்பான்" என்றார் என்னிடம்.

உங்கள் நிரலை எழுதிய உங்களுக்கே படித்தால் புரியாது, அவன் படித்து என்ன கிழிக்கப் போகிறான் என்று கிண்டல் செய்தேன். வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

காரணம் இருந்தது. அடி தாங்காமல் கணவனை விட்டு வந்த பெண்களுக்கு உதவுகிற சிறு குழு ஒன்றில் நான் தொண்டூழியர். பெயர்ப்பலகைகூடக் கிடையாது. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், ஒரு நகைக்கடையின் மாடியில் ஓர் அறை, அவ்வளவுதான். ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி ஒருவர் அதை நடத்துகிறார். எல்லாரும் அவரை லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். சனிக்கிழமைகளில் அரிசி, பருப்பு, பால்மாவு எல்லாம் பைகளில் கட்டி, அந்தப் பெண்கள் மறைந்து வாழும் வீடுகளுக்குக் கொண்டுபோவோம். யார் எந்த வீட்டுக்குப் போவது என்று பிரித்துக் கொடுக்கும் செயலியை எழுதியது நான்.

எழுதும்போது ஒரு தப்புச் செய்தேன். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற தப்பு, செய்யாதே என்று எல்லாரும் அடுத்தவருக்குச் சொல்கிற தப்பு. செயலி சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் பொய்ப் பெயர்களையும் பொய் முகவரிகளையும்தான் கொடுக்க வேண்டும். எனக்கு அன்றைக்குப் பொறுமை இல்லை. லாத்தா அனுப்பிய நிஜப் பட்டியலையே, பதினொரு பெண்களின் பெயர், அடுக்குமாடி புளோக் எண், வீட்டு எண்ணோடு, அப்படியே நிரலோடு சேர்த்துப் போட்டேன். நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. வெளியாள் யாரும் பார்க்க முடியாதபடி பூட்டித்தானே வைத்திருக்கிறோம் என்ற தைரியம்.

இப்போது அந்த வரிகளை மட்டும் அழித்துப் பயனில்லை. பழையதை மறக்காமல் வைத்திருப்பதுதான் அந்தத் தளத்தின் பெருமையே. பட்டியல் இல்லாமல் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கியிருக்கலாம், அரை மணி நேர வேலை. பயத்தில் அதெல்லாம் தோன்றவில்லை. ஊரே ஓடுகிறது என்று நானும் ஓடினேன். மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு, பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன அதே புதிய தளத்தைத் திறந்தேன். மொத்தத்தையும் இழுத்துக்கொள்ள அங்கே ஒரே ஒரு பொத்தான் இருந்தது. நடுவில் ஏதேதோ கேட்டது. படிக்காமல் அடுத்து, அடுத்து என்று தட்டிக்கொண்டே போனேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பழைய தளத்தில் இருந்ததை வேரோடு அழித்தேன். அப்பாடா என்றிருந்தது. சாயங்காலம் தேக்கா சந்தையில் நிம்மதியாகப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் புதன்கிழமை, பதினொரு மணிவாக்கில் ஒரு மின்னஞ்சல். முன்பின் தெரியாத ஒருவர், எந்த நாட்டுக்காரரோ, அவரும் நிரல் எழுதுகிறவர்தான். புதிதாக வந்த நிரல்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது என்னுடையது கண்ணில் பட்டதாம். நன்றாக எழுதியிருக்கிறாய், ஆனால் உள்ளே இருக்கும் முகவரிகள் நிஜம்போலத் தெரிகின்றனவே, தெரிந்துதான் போட்டாயா என்று கேட்டிருந்தார்.

உடனே தளத்தைத் திறந்து பார்த்தேன். இதை யார் பார்க்கலாம் என்பதுதான் நான் படிக்காமல் தட்டிய கேள்விகளில் ஒன்று. பழைய இடத்தில் பூட்டு இருந்ததால் புதிய இடத்துக்கும் அது கூடவே வந்துவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். வரவில்லை. நேற்று மதியத்திலிருந்து அந்தப் பட்டியல் திறந்த வீடாகக் கிடந்திருக்கிறது. பூட்ட ஒரு நொடிதான் ஆனது. அதற்குள் யார் யார் பார்த்தார்கள் என்று சொல்ல யாராலும் முடியாது.

பட்டியலில் ஏழாவது பெயர் பூன் லே வட்டாரத்தில் இருக்கும் ஒரு பெண்ணுடையது. எட்டு வயது மகளோடு, மூன்றாவது தடவையாக வீடு மாறி அங்கே வந்திருந்தார். அவருடைய கணவனும் கணினி வேலைக்காரன். தினமும் காலையில் மனைவியின் பெயரை இணையத்தில் தட்டித் தேடுகிறவன். அதை அவனே நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லி, சுற்றிச் சுற்றி அது லாத்தாவின் காதுக்கு வந்திருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் எளிதில் இன்னொருவருக்கு இருக்காத பெயர்.

நானும் அந்தப் பெயரைத் தட்டிப் பார்த்தேன். தேடல் முடிவுகளில் மூன்றாவது வரியில் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் புளோக் எண். நான் பூட்டியது தேடுபொறிக்கு இன்னும் தெரியவில்லை.

நீக்கச் சொல்லித் தேடுபொறிக்காரர்களுக்கு எழுதினேன். அதற்கு நாளாகலாம் என்று பதில் வந்தது. ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கே வெட்கம்தான். லாத்தாவிடம் சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். யாருக்கும் தெரியாது. அவனும் இன்று காலை தேடாமல் இருந்திருக்கலாம். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். மூன்றாவது வரி கண்ணை விட்டுப் போகவே இல்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, சிராங்கூன் சாலை மாடிப்படி ஏறினேன்.

லாத்தா பால்மாவு டின்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்தபிறகும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காவல்துறைக்கும் மற்றப் பெண்களுக்கும் ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார். பூன் லேக்கு மட்டும் அழைக்கவில்லை.

"அதை நீயே நேர்ல சொல்லு. நான் கூட வர்றேன்" என்றார்.

எம்ஆர்டி ரயிலில் பூன் லே போய்ச் சேர்ந்தோம். மின்தூக்கியில் ஏறும்போது, எதிரே இறங்கி வந்த ஆண்களையெல்லாம் நான் பயந்து பயந்து பார்த்தேன். அவன் முகம்கூட எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் மகளின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டார். பெரிய நிறுவனம், வாங்குகிறார்கள், பூட்டியதைப் படிப்பார்கள் என்று எல்லாரும் பயந்தோம் என்றேன். சொல்லும்போதே எனக்கு அசட்டுத்தனமாகக் கேட்டது.

"அவ்ளோ பெரிய கம்பெனிக்கு நான் யாருன்னே தெரியாது லா. என்னைத் தேடுறது அவரு ஒருத்தருதான்" என்றார்.

இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். அழவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு பெரிய பைகளை இழுத்தார். பாதித் துணிகள் அவற்றிலிருந்து இன்னும் எடுக்கப்படவே இல்லை. பள்ளி விட்டு வந்த மகள் பைகளைப் பார்த்தாள். மறுபடியும் ஸ்கூல் மாறணுமா என்று அம்மாவிடம் கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கீழே டாக்சி வந்து நின்றது. பைகளைப் பின்னால் தூக்கி வைத்தேன். அந்தப் பெண்ணும் மகளும் பின்னிருக்கையில் உட்கார, லாத்தா முன்னால் ஏறிக்கொண்டார். ஓட்டுநர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். அந்தப் பெண் பதில் சொல்லாமல் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"நீங்க முதல்ல போங்க" என்றார்.

நான் எம்ஆர்டி பக்கம் நடந்தேன். திருப்பத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். டாக்சி இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.