கறுப்புத் திரையில் எஸ்தர் அக்காவின் மஞ்சள் எழுத்து

எஸ்தர் அக்காவின் எண்ணிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பு வந்தால், அவர் சர்ச்சுக்குக் கிளம்பும் முன் என்னை வம்புக்கு இழுக்கப்போகிறார் என்று பொருள். அன்றும் அப்படித்தான் நினைத்தேன். உசிலம்பட்டியில் வீட்டுக்கு முன்னால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவன், ஈரக்கையோடு போனை எடுத்து, "சொல்லுங்கக்கா, இன்னைக்கு என்ன கலரு?" என்றேன்.

பேசியது அவருடைய கணவர் சாமுவேல் அண்ணன். "பாண்டித் தம்பி, அக்கா போயிட்டாப்பா. விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிருச்சு" என்றார். பிறகு அவரே கேட்டார்: "என்னமோ கலருன்னியே, என்னா அது?"

"ஒண்ணுமில்லண்ணே. அது எனக்கும் அக்காவுக்கும் உள்ள சண்டை" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அந்தச் சண்டை, அக்காவை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். அலுவலகத்துக்கு வந்துபோன கொரியர்காரருக்குக்கூடத் தெரியும். ஆனாலும் அக்காவை சர்ச்சில் மட்டும் பார்த்தவர்களுக்காகவும், பள்ளியில் அவரிடம் படித்தவர்களுக்காகவும் சொல்கிறேன்.

திருநகரில் ஒரு வீட்டின் மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். பழைய அகராதிகளையும் நூல்களையும் ஸ்கேன் செய்வோம். அந்தப் படத்திலிருந்து கணினி தானாக எழுத்துகளைப் படித்துத் தரும். அது படித்ததில் உள்ள பிழைகளைத் திருத்தி, கைபேசியில் படிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவருவது எங்கள் வேலை. அக்கா மிஷன் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்துவிட்டு வந்தவர். நான் கணினி படித்துவிட்டு வந்தவன். இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சேர்ந்தோம், பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

திருத்துவதற்கு நாங்கள் வைத்திருப்பது எடிட்டர் என்ற, அலங்காரம் எதுவும் இல்லாத ஒரு மென்பொருள். திறந்தால் வெறும் எழுத்துதான் இருக்கும். ஆனால் அந்த எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்பதை நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். எந்த ஃபாண்ட், எவ்வளவு பெரிது, பின்னணி என்ன நிறம், வரிக்கும் வரிக்கும் எவ்வளவு இடைவெளி என்று எல்லாவற்றையும் செட்டிங்ஸ் கோப்பில் எழுதி வைத்தால் போதும். நான் வெள்ளைப் பின்னணியில் மெல்லிய கறுப்பு எழுத்து வைத்திருந்தேன். ஒரு பக்கம் முழுக்கத் திரையில் அடங்கிவிடும், எனக்கு அதில் ஒரு பெருமை. அக்காவுக்குக் கறுப்புத் திரையும் கெட்டி மஞ்சள் எழுத்தும்தான் பிடிக்கும்.

"வெள்ளையில கறுப்பு கல்யாணப் பத்திரிகைக்கு நல்லாருக்கும் தம்பி. நாள் பூரா பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? ட்யூப் லைட்ட உத்துப் பாக்குற மாதிரில்ல இருக்கு" என்பார். வீட்டிலும் ஒரு கணினி வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் புதிய நிறங்களைச் சேர்த்துப் பார்த்து அவற்றுக்குப் பெயரும் வைப்பார். கரும்பச்சைப் பின்னணிக்குத் தெப்பக்குளம் என்று பெயர். பழுப்பில் பால் நிற எழுத்து வைத்தது ஜிகர்தண்டா. என் வெள்ளைத் திரைக்கு மட்டும் ஆஸ்பத்திரி என்று பெயர். மறுநாள் காலையில் அழைத்து, புதிய நிறம் இன்னதென்று அறிவிப்பார். நான் அதைக் கேலி செய்வேன். பதிலுக்கு அவர் ஆஸ்பத்திரியை நலம் விசாரிப்பார்.

இந்த விளையாட்டு நடந்துகொண்டிருந்தபோதுதான் அவருடைய பார்வை குறையத் தொடங்கியது. சர்க்கரை நோய் விழித்திரையைத் தொட்டுவிட்டது. நடுப்பார்வை கலங்கி, நேராகப் பார்க்கும் எழுத்து மட்டும் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் தெரிந்தது. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். மேலும் மோசமாகாமல் நின்றது. ஆனால் போனது திரும்பவில்லை. படிக்கிற வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர்.

வேறொருவராக இருந்தால் இதைக் கொஞ்ச காலம் மறைத்திருப்பார். அக்கா மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்ததும், பையைக்கூட இறக்கி வைக்காமல் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இந்தா பாருங்கப்பா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீங்க சிரிச்சாச் சத்தம் போட்டுச் சிரிங்க. சும்மா பல்லைக் காட்டுனீங்கன்னா நான் கவனிக்காமப் போயிருவேன், கோவிச்சுக்காதீங்க."

அலுவலகத்தை நடத்தும் ராசேந்திரன் அண்ணன் இளகிய மனசுக்காரர். அக்காவைத் தனியாக அழைத்து, "எஸ்தரம்மா, போன் பேசுற வேலைக்கு வந்துருங்க. வாடிக்கையாளருகிட்ட நீங்க பேசுனா நல்லாருக்கும்" என்றார். கதவு திறந்துதான் இருந்தது, பேச்சு எங்களுக்கும் கேட்டது.

"அண்ணே, டாக்டர் என் கண்ணைப் பாத்தாரு, என் ஸ்கிரீனைப் பாக்கலல்ல? ஒரு வாரம் குடுங்க. முடியலன்னா நானே போன்கிட்ட வாரேன்" என்றார் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வெளியே வந்து உட்கார்ந்தவர், உடனே செட்டிங்ஸ் கோப்பைத் திறந்துவிட்டார். தமிழை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் திருத்தும் வேலை அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று பக்கத்து நாற்காலிக்காரனுக்குத் தெரியாதா?

அந்த வாரம் அவர் எடிட்டரோடு மல்லுக்கட்டினார். எழுத்தைப் பெரிதாக்கினால் ஆங்கிலம் யானைபோல் நின்றது, தமிழ் பக்கத்தில் பூனைபோல் ஒடுங்கியது. இரண்டுக்கும் தனித்தனி ஃபாண்ட் கொடுத்து, தமிழை மட்டும் இன்னும் தூக்கினார். உடனே கீ, மீ இவற்றின் மேல்சுழி மேல்வரியில் இடித்து வெட்டுப்பட்டது. வரி இடைவெளியைக் கூட்டினார். திரையில் சில வரிகள்தான் மிஞ்சின. "பரவால்ல, பஸ்ஸுல நின்னுக்கிட்டு போறதுக்கு உக்காந்துக்கிட்டு போற மாதிரி இருக்கட்டும்" என்றார். கர்சர் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை என்பதால் அதைத் தடித்த சிவப்புக் கட்டையாக மாற்றினார். செட்டிங்ஸில் ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டு, எடிட்டர் திறக்கவே மறுத்தபோது மட்டும் என்னைக் கூப்பிட்டார். சரி செய்து கொடுத்தேன். "ஆஸ்பத்திரிக்காரருக்கு நன்றி" என்றார்.

எவ்வளவு பெரிதாக்கியும் ஒரு சிக்கல் தீரவில்லை. துணைக்காலும் 'ர' என்ற எழுத்தும் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள். ஸ்கேன் செய்த நூலைப் படிக்கும் கணினியும் அதில்தான் அடிக்கடி ஏமாறும். 'காலம்' என்பதைக் 'கரலம்' என்று எழுதி வைக்கும். அந்த வித்தியாசம் அக்காவின் கண்ணுக்கு எட்டவில்லை. வடிவம் கலங்கினாலும் நிறம் தெரிகிறதே என்று யோசித்தவர், புள்ளியோ கொம்போ இல்லாத தனி 'ர' வருமிடமெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் காட்டும்படி எடிட்டரில் ஒரு விதி எழுதினார்.

வார இறுதியில், வாடிக்கையாளருக்கு அனுப்பத் தயாராக இருந்த ஒரு அகராதிக் கோப்பைச் சோதனைக்காகத் திறந்தார். நானும் இன்னொருவரும் பார்த்து முடித்த கோப்பு அது. திரை முழுக்க ஆரஞ்சு மின்னியது. எங்கெல்லாம் 'ர' வரக்கூடாதோ அங்கெல்லாம் மின்னியது. 'பரடம்', 'நரடு', 'விழர' என்று அக்கா சத்தமாக வாசிக்க வாசிக்க, அறையில் இருந்தவர்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு அவர் பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"ரெண்டு பேரு பாத்தும் இது எப்படித் தப்புச்சு?" என்று ராசேந்திரன் அண்ணன் தலையில் கைவைத்தார்.

"அவுங்களத் திட்டாதீங்கண்ணே" என்றார் அக்கா. "அவுங்களுக்கு நல்ல கண்ணு. 'கரலம்'னு இருந்தாலும் தானாக் கால் போட்டுக் 'காலம்'னு படிச்சுக்கிரும். என் கண்ணுக்கு அம்புட்டுச் சாமர்த்தியம் இல்ல."

கோப்பு அன்று போகவில்லை. எல்லோரும் சேர்ந்து திருத்தி அனுப்பினோம். அடுத்த வாரம் எல்லாத் திரைகளிலும் அந்த ஆரஞ்சு 'ர' வந்துவிட்டது, என் ஆஸ்பத்திரியிலும். போன் வேலையைப் பற்றி அண்ணன் பிறகு பேசவே இல்லை. கோப்பை அனுப்பிய அன்று மதியம் அக்கா எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். தனக்குச் சர்க்கரை இல்லாமல் ஒன்று கேட்டு, கடைக்காரரோடு வாதாடித் தோற்றார்.

சர்ச்சில் அவரோடு பாடியவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. பாட்டுப் புத்தகம் படிக்க முடியாமல் போனதும், பாடல்களை எடிட்டரில் ஏற்றி, ஒரு டேப்லெட்டில் விரலளவு எழுத்தில் வைத்துக்கொண்டு பாடகர் குழுவில் நின்றார். ஒரு பண்டிகைக் காலை ஆராதனையில், சரணத்தின் நடுவில் திரை அணைந்துவிட்டது. பக்கத்தில் நின்று பாடிய ஒரு அம்மா பதறிவிட்டார். அக்கா நிறுத்தவில்லை. ராகம் பிசகாமல் தாமாகவே இரண்டு வரி கட்டிப் பாடி, பல்லவியில் எல்லோரோடும் வந்து சேர்ந்துகொண்டார்.

வெளியே வந்ததும் பாடகர் குழுத் தலைவர் பிடித்துக்கொண்டார். "எஸ்தர், அந்த ரெண்டு வரி பாட்டுலயே இல்லையேம்மா?"

"இல்லதான். ஆனா தப்பா ஒண்ணும் சொல்லிடலையே?"

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்ல, நல்லாத்தான் இருந்துச்சு" என்றாராம். திங்கட்கிழமை அலுவலகத்தில் அக்கா அதை நடித்தே காட்டினார். பிறகு, திரை அணையும் நேரத்தை எங்கே மாற்றுவது என்று என்னிடம் கேட்டார்.

அடக்கத்தன்றும் ஒன்று நடந்தது. அக்கா இருந்திருந்தால் அதையும் நடித்துக் காட்டியிருப்பார். தெருமுனையில் கட்ட ஃபிளெக்ஸ் அடித்து வந்திருந்தது. நல்ல படம்தான், ஆனால் கீழே பெயரும் அடக்க நேரமும் கொடிபோல் நெளியும் மெல்லிய எழுத்தில், இளநீலத்தின் மேல் வெள்ளையில் இருந்தன. சாமுவேல் அண்ணன் சிவந்த கண்ணோடு அதைச் சற்று நேரம் பார்த்தார்.

"தம்பி, இதை இப்படியே கட்டுனா உங்கக்கா எந்திரிச்சு வந்து திட்டுவா. மாத்தச் சொல்லு. கறுப்புல மஞ்சள்."

ஃபிளெக்ஸ் கடைக்காரர் போனில் தயங்கினார். "அண்ணே, சாவு வீட்டுக்கு மஞ்சளா? ஏதோ கட்சிக் கூட்டம் மாதிரில்ல இருக்கும்?"

"இருந்துட்டுப் போகட்டும். அடிங்க" என்றேன். வந்ததும் கட்டினோம். கண்ணாடியைக் கொண்டுவர மறந்த ஒரு பெரியவர் தெருவின் மறுபக்கத்திலிருந்தே வாய்விட்டு வாசித்தார், "எஸ்தர் சாமுவேல், மாலை நாலு மணி" என்று. அழுதுகொண்டிருந்த வீட்டில் சாமுவேல் அண்ணன் முதல்முறையாகச் சிரித்தார். அவரைப் பார்த்து நாங்களும் சிரித்துவிட்டோம்.

அக்காவிடமிருந்து எனக்கென்று எதை வைத்துக்கொண்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். நிறங்களை அல்ல. என் திரை இன்னும் வெள்ளைதான், அதில் நான் தோற்பதாக இல்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று, குரலைத் தாழ்த்தாமல், மன்னிப்பும் கேட்காமல் சொல்வாரே, அதைத்தான் வைத்துக்கொண்டேன். எனக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது. தூரத்து எழுத்து இப்போது மங்கலாகத்தான் தெரிகிறது.

போன வாரம் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் மாலை வெயில் எதிரே அடிக்க, ஒரு பஸ் வந்து நின்றது. நெற்றியில் சிவப்பு எழுத்து ஓடும் போர்டு. முன்பெல்லாம் தெரிந்ததுபோல் ஏறிவிட்டு, உள்ளே போய் யாரிடமாவது மெல்லக் கேட்பேன். அன்று பக்கத்தில் நின்றவரிடம் உரக்கவே கேட்டேன்: "அண்ணே, எனக்குப் போர்டு தெரியல. எந்த ஊருன்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்து, "எனக்கும் தெரியல மாப்ள. யாராச்சும் கேப்பாங்களான்னு நானும் இம்புட்டு நேரமா நிக்கிறேன்" என்றார்.

இரண்டு பேருமாகப் போய் கண்டக்டரிடம் கேட்டோம்.